நல்லெண்ணத்தில் சொன்னது

ஐப்பசி பிறந்ததிலிருந்து ஒரகடம் பக்கம் வெயில் தலைகாட்டவில்லை. கம்பெனி மதில்களை ஒட்டிப் போகும் சர்வீஸ் ரோட்டில் முழங்கால் தண்ணீர் நின்றது. கன்டெய்னர் லாரி ஒன்று கடந்தால் ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்திருப்பவர்கள் மடியெல்லாம் சேறாகும். அந்த மழையிலும் பெருந்தேவி வேலைக்குப் போகும் கேன்டீன் வேன் ஒருநாள்கூட நிற்கவில்லை. விடியுமுன் அவள் ஊரான மண்ணூரில் வந்து ஹாரன் அடிக்கும். ஏறாவிட்டால் அன்றைக்கு ஆப்சென்ட்.

ஆயிரத்து எண்ணூறு பேர் மூன்று ஷிப்டாகச் சாப்பிடுகிற கம்பெனி அது. சமையல்கட்டைக் கான்ட்ராக்டர் எடுத்து நடத்தினார். காய் நறுக்க ஆறு பெண்கள். தலையில் வலை, இடுப்பில் பிளாஸ்டிக் ஏப்ரன், எதிரே மேசை உயரத்துக்கு வெங்காயம். முதல் மூட்டை முடியும்வரைதான் கண் எரியும். இரண்டாவது மூட்டையில் எரிச்சல் மரத்துப்போய், தண்ணீர் மட்டும் தன்பாட்டுக்கு வழிந்துகொண்டிருக்கும். யார் அழுகிறார்கள், யார் வெங்காயம் நறுக்குகிறார்கள் என்று அந்த அறையில் கண்டுபிடிக்க முடியாது.

அந்தப் புதன்கிழமை அவள் இரண்டாவது மூட்டையில் இருந்தபோது இடுப்பில் செருகியிருந்த போன் அதிர்ந்தது. கையைத் துடைத்துக்கொண்டு பாத்திரம் கழுவுகிற பக்கம் போய் எடுத்தாள். புருஷன் திருமலை.

"தேவி, என்ன கேட்ல நிறுத்திட்டாங்க."

"இன்னா, லேட்டா போனியா?"

"லேட்லாம் இல்ல. கார்டு லாக் பண்ணிட்டாங்களாம். எச்.ஆர். ரூம்ல ஒக்கார வச்சிகிறாங்க. ஸ்டேஷன்லருந்து ஒருத்தரு வந்துகீறாரு."

"போலீஸா? எதுக்கு?"

"நான் ராஜசேகர் மேல வண்டிய ஏத்தப் போறேனாம்." அவன் குரலை இறக்கினான். "கிளினிக் மேடமாண்ட மட்டும்தான் சொன்னேன் தேவி. வேற யாராண்டயும் சொல்லல. உன்னாண்ட சொன்னது வேற."

குழாயில் தண்ணீர் பாத்திரம் நிரம்பி வெளியே ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தக்கூடக் கை போகவில்லை. விஷயம் எந்த வழியாகப் போயிற்று என்று அவளுக்கு யாரையும் கேட்காமலே தெரிந்துவிட்டது.

திருமலை கார் சீட்டுக்கு இரும்புச் சட்டம் செய்கிற கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினான். முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு இரும்புக் கைகளால் லோடைத் தூக்கி லாரியில் ஏற்றுகிற வண்டி. ஒன்பது வருஷமாகக் கான்ட்ராக்ட். அவன் கையில் வண்டி பழகிய பையன்கள் நான்கு பேர் பெர்மனென்ட் ஆகிவிட்டார்கள். அவன் பெயர் மட்டும் லிஸ்டில் வரவில்லை. வராமல் பார்த்துக்கொண்டது சூப்பர்வைசர் ராஜசேகர் என்பது அவன் முடிவு. அது உண்மையாகவும் இருக்கலாம். ஒருமுறை பெட்டி சரிந்து போல்ட் எல்லாம் கொட்டியபோது, லைன் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, அவனை மண்டிபோட்டு ஒவ்வொன்றாகப் பொறுக்கவைத்தார் ராஜசேகர். வீட்டில் அதைச் சொன்னபோது திருமலை சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.

பங்குனியிலிருந்து தூக்கம் போயிற்று. படுப்பான், எழுந்து உட்காருவான், சுவரைப் பார்த்துப் பேசுவான். மகள் பூர்ணிமா ஒன்பதாவது படிக்கிறாள், அவள் பயந்து அம்மாவை ஒட்டிப் படுக்க ஆரம்பித்தாள். பெருந்தேவி கயிறு கட்டினாள், எலுமிச்சம்பழம் சுற்றினாள். கடைசியில் கேன்டீனில் ஒருத்தி சொல்லித்தான் சுங்குவார்சத்திரத்தில் ஹார்டுவேர் கடை மாடியில் ஒரு டிரஸ்ட் நடத்துகிற மனநல கிளினிக் தெரியவந்தது. செவ்வாய்க்கிழமை டாக்டர் வருவார். மாத்திரை இலவசம். மற்றபடி பேச்சுக் கேட்பது கவுன்சிலர் மாரிசெல்வி, சங்கரன்கோவில் பக்கத்துப் பெண்.

திருமலை வரமாட்டேன் என்றான். ஒரு வாரம் கெஞ்சியது பெருந்தேவிதான்.

"அவங்க யாராண்டயும் சொல்லமாட்டாங்கய்யா. கேட்டுக்கறதுதான் அவங்களுக்கு வேலயே. மனசுல கீறத கொட்டிட்டு வா."

முதல் நாள் மாரிசெல்வி ஒரு தாளைப் படித்துக் காட்டினாள். இங்கே பேசுவது வெளியே போகாது என்று அதில் இருந்தது. யாருடைய உயிருக்காவது ஆபத்து என்று தெரிந்தால் ஒழிய, என்றும் இருந்தது. முதல் பாதி இரண்டு பேர் காதிலும் விழுந்தது. இரண்டாம் பாதி விழவில்லை. திருமலை கையெழுத்துப் போட்டான்.

ஐந்து மாதம் ஒழுங்காகப் போய்வந்தான். தூக்கம் கொஞ்சம் திரும்பியது. ஒருநாள் பூர்ணிமாவுக்கு ஜாமெட்ரி பாக்ஸ் வாங்கிவந்தான். பிறகு மறுபடி லிஸ்ட் போடுகிற பேச்சு எழுந்தது, மறுபடி சுவரைப் பார்த்து உட்கார ஆரம்பித்தான்.

அந்தப் புதனுக்கு முந்தின நாள் சாயங்காலம் பெருந்தேவி வேனில் திரும்பிக்கொண்டிருந்தபோது மாரிசெல்வி போனில் கூப்பிட்டிருந்தாள்.

"அக்கா, பக்கத்துல அவரு இருக்காரா?"

"இல்ல மேடம், வேன்ல வந்துகினு கீறேன்."

"இன்னைக்கு பேசும்போது சூப்பர்வைசரை என்னமும் பண்ணிருவேன்னு சொன்னாரு. கோவத்துல எல்லாரும் சொல்லுததுதான். இவரு சொன்ன விதம் எனக்கு சரியாப் படல. வீட்ல இந்தமாதிரி பேசுதாரா?"

பெருந்தேவி எல்லாவற்றையும் சொன்னாள். மாதக்கணக்காகத் தொண்டையில் நின்றிருந்தது வேன் இரைச்சலில் வெளியே வந்தது. "டீ டைம்ல அவரு ஷட்டராண்ட நின்னுகினு போன் பேசுவாராம் மேடம். பதினொண்ணே காலுக்கு. முதுக காட்டிகினு நிப்பாராம். அப்ப லோடோட திரும்புனா போதும்ன்றாரு. தெனம் இதே பேச்சு. தூக்கத்துலகூட கைய ஸ்டீரிங் மாதிரி திருப்பறாரு. எனக்கு பயமா கீது."

"எப்பன்னு எதும் சொன்னாரா?"

"வெள்ளிக்கெழம லிஸ்ட் ஒட்டறாங்களாம். பேரு இல்லன்னா பாத்துக்கறேன்றாரு."

மாத்திரையைக் கூட்டிக் கொடுப்பார்கள் என்று நினைத்துத்தான் சொன்னாள். டாக்டரிடம் வலி எந்த இடம் என்று காட்டுகிற மாதிரி. சொன்ன பிறகு உடம்பு லேசாக இருந்தது. இறங்கிய இடத்தில் கத்திரிக்காய் வாங்கினாள். அன்றைக்கு அசந்து தூங்கினாள்.

கம்பெனி அவனை வேலையை விட்டு எடுத்ததாக எழுதிக் கொடுக்கவில்லை. கான்ட்ராக்டரிடம் திருப்பி அனுப்பினார்கள், கான்ட்ராக்டர் போனை எடுப்பதை நிறுத்தினார். ஸ்டேஷனில் எழுதி வாங்கிக்கொண்டு விட்டார்கள். ஆனால் ஆள் எடுக்கிறவர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் அவன் போட்டோ சுற்றியது. 'மெண்டல் கேஸ், ஃபோர்க்லிஃப்ட் கொடுக்க வேண்டாம்.' வல்லம், மாம்பாக்கம், இருங்காட்டுக்கோட்டை, எங்கே போனாலும் செக்யூரிட்டி முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்த் திரும்பிவந்து வேலை இல்லை என்பான். தெருவில் ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை. அவன் வருகிற பக்கம் விளையாடுகிற குழந்தைகளைக் கூப்பிட்டுக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

மாத்திரையை அன்றைக்கே நிறுத்திவிட்டான்.

"மாத்திர குடுத்த கைதான தேவி காட்டிக் குடுத்துச்சி. இன்னும் அதயே முழுங்க சொல்றியா?"

"டாக்டரு வேற, அவங்க வேற."

"எல்லாம் ஒண்ணுதான். நான் சொன்னது சொல்றதுக்குத்தான, பண்றதுக்கா சொன்னேன்? சொன்னா போயிடும்னு அவங்கதான சொன்னாங்க. சொன்னேன். போயினுதான் இருந்துச்சி."

அவள் சோற்றைத் தட்டில் போட்டாள். செவ்வாய்க்கிழமை வேனில் வரும்போது போனில் பேசியதை மட்டும் அவனிடம் மறைத்தாள்.

மூன்றாவது வாரம் அவன் முகச்சவரம் செய்துகொண்டு, இஸ்திரி போட்ட சட்டையில் நின்றான். ஸ்ரீபெரும்புதூர் கோர்ட்டுக்கு எதிரே ராஜாமணி என்று ஒரு வக்கீல், தொழிலாளி கேஸ் எடுப்பவர். மாரிசெல்வி மேல் கேஸ் போட வேண்டும். அந்த ஒரு நினைப்பு வந்ததும் அவன் ஆளே மாறிவிட்டான். கிளினிக் சீட்டு, கம்பெனி கார்டு, ஸ்டேஷன் தாள் எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்கி ஃபைல் போட்டான். வேளைக்குச் சாப்பிட்டான். பூர்ணிமாவிடம், "அப்பா மேல தப்பில்லன்னு எழுதி வாங்கிடுவேன்" என்றான். பெருந்தேவிக்கு அவனைத் தடுக்க மனம் வரவில்லை. அவன் பிடித்துக்கொண்டு நிற்பதற்கு அது ஒன்றுதான் இருந்தது.

ராஜாமணி வயதானவர். தாள்களைப் படித்துமுடித்துக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஒருத்தர் மனசு வைத்தியத்துக்குப் போய் சொன்னத வெளிய சொல்லக்கூடாது. அது சட்டம்ப்பா. இன்னொரு உயிருக்கு ஆபத்துன்னா, அத காப்பாத்தற அளவுக்கு சொல்லலாம். அதுவும் அதே சட்டம்தான். நல்லெண்ணத்துல சொன்னாங்கன்னா அவங்கள அசைக்க முடியாது."

"எனக்கு வேல போச்சே சார். அது நல்லெண்ணமா?"

"உனக்கு இன்னா ஆச்சுன்றத சட்டம் கேக்காது. சொன்னப்ப அவங்க மனசுல இன்னா இருந்துச்சி, நம்பறதுக்கு முகாந்திரம் இருந்துச்சா, அதத்தான் கேக்கும்." அவர் பெருந்தேவியைப் பார்த்தார். "ஒரு வழி கீது. முகாந்திரமே இல்ல, இவன் அப்படி யாராண்டயும் பேசினதில்லன்னு காட்டணும். மனநல வாரியத்துல புகார் குடுப்போம். கூட வாழற பொண்டாட்டி சத்தியம் பண்ணி எழுதிக் குடுத்தா அதுக்கு எடை அதிகம். நீ குடுப்ப இல்லம்மா?"

"குடுப்பா சார்" என்றான் திருமலை.

மறுநாள் பெருந்தேவி லீவு சொல்லிவிட்டுத் தனியாகச் சுங்குவார்சத்திரம் போனாள். மாடிப்படியெல்லாம் ஈரம். மாரிசெல்வி அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"வாங்கக்கா. உக்காருங்க."

"ஒக்கார வரல மேடம். நான் வைத்தியத்துக்குன்னு சொன்னேன். நீ கம்பெனிக்கு சொல்லிட்ட."

"நான் ஆஸ்பத்திரியில சேக்கணும்னுதான் எழுதினேன்க்கா. கொஞ்ச நாளு வண்டி குடுக்காதிய, சம்பளத்தோட லீவு குடுங்கன்னு எழுதினேன். நான் ஒண்ணு எழுதினேன், அவுக ஒண்ணு செஞ்சாக."

"அத முன்னாடியே நீ யோசிக்கல?"

"யோசிச்சேன்." மாரிசெல்வி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "அன்னைக்கு ராத்திரி முழுக்க யோசிச்சேன். எடம் சொல்லுதாரு, நேரம் சொல்லுதாரு, நாளும் சொல்லிட்டாரு. அந்த ராஜசேகருக்கு ரெண்டு பொண்ணு. நான் வாய மூடிக்கிட்டு இருந்து வெள்ளிக்கிழமை ஒண்ணு ஆயிருந்தா, பொறவு உங்க வீட்டுக்காரரு எங்க இருப்பாரு? நான் என்னக்கா செய்ய?"

அதே கேள்வியைத்தான் பெருந்தேவியும் மாதக்கணக்கில் கேட்டுக்கொண்டு படுத்திருந்தாள்.

"என் பேரு அதுல கீதா?"

"கம்பெனிக்குக் குடுத்ததுல இல்ல. நம்பிக்கையான தகவல்னு மட்டும் போட்டேன். என் ஃபைல்ல இருக்கு. தேதி, நேரம், நீங்க சொன்னது எல்லாம்."

"வாரியத்துல கேட்டாங்கன்னா?"

"வச்சுத்தான் ஆகணும். அத வச்சுத்தான் நான் நம்புனேன்னு சொல்ல முடியும்."

"உனக்கு சட்டம் கீது மேடம்" என்றாள் பெருந்தேவி. குரல் உயரவில்லை. "நல்லெண்ணத்துல சொன்னியாம், ஒண்ணும் ஆவாதாம். நானும் நல்லெண்ணத்துலதான் சொன்னேன். எனக்கு இன்னா கீது?"

கீழே கடையில் இரும்புக் கம்பி அறுக்கிற சத்தம் வந்துகொண்டிருந்தது. பெருந்தேவி படியிறங்கினாள்.

வெள்ளிக்கிழமை வக்கீல் ஆபீசில் தாள் தயாராக இருந்தது. ராஜாமணி ஒவ்வொரு வரியாகப் படித்தார். கல்யாணமான வருஷம், குழந்தை, குடிப்பழக்கம் இல்லை, அடித்ததில்லை. எல்லாம் உண்மை. பெருந்தேவி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள்.

"'என் கணவர் மேற்படி ராஜசேகரைத் தாக்கும் எண்ணத்தை என்னிடமோ வேறு எவரிடமோ ஒருபோதும் வெளிப்படுத்தியதில்லை. இது குறித்து எவரும் என்னிடம் விசாரித்ததுமில்லை.' இங்க கையெழுத்துப் போடும்மா."

திருமலை பேனாவின் மூடியைக் கழற்றி அவளிடம் நீட்டினான். அவள் வாங்கினாள்.

"இந்த ஒரு வரிய மட்டும் எடுத்துடலாமா சார்?"

"இந்த வரிக்குத்தாம்மா மத்ததெல்லாம். இது இல்லன்னா வெறும் காயிதம்."

"இன்னா தேவி? போடு. நீயும் நானும் வூட்டுக்குள்ள பேசனது எவனுக்குத் தெரியும்?"

போட்டுவிடலாம் என்றுதான் நினைத்தாள். போட்டால் புகார் போகும். புகார் போனால் ஃபைல் வரும். ஃபைலைப் பிரித்து யாரோ ஒருவர், முன்பின் தெரியாதவர், இவன் முகத்துக்கு நேராக அதைப் படிப்பார். அதைவிட—

"மேடமாண்ட நான்தான் சொன்னேன்" என்றாள். "போன் பண்ணி கேட்டாங்க. ஷட்டரு, டைமு, வெள்ளிக்கெழம, எல்லாம் சொன்னேன்."

ராஜாமணி மெதுவாகத் தாளை மேசைமேல் வைத்தார். திருமலை அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். கோபம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. கணக்குப் போடுகிறவன் மாதிரி அவன் நெற்றி சுருங்கியது.

"எப்போ?"

"செவ்வாக்கெழம. வேன்ல வரும்போது."

"அன்னிக்கி கத்திரிக்கா கொயம்பு வச்ச."

"ஆமா."

"நல்லா இருக்குன்னு சொன்னேன்" என்றான். எழுந்தான். தேதிவாரியாக அடுக்கிய ஃபைலை அங்கேயே விட்டுவிட்டு வெளியே மழையில் இறங்கி நடந்தான். அவள் பின்னாலேயே போனாள். பஸ் ஸ்டாண்ட் வரை பத்தடி இடைவெளியில், கூப்பிடாமல்.

அதற்குப் பிறகு அவன் அவளிடம் பேசவில்லை. திட்டினால் தேவலை என்றிருந்தது. போட்டால் இரண்டு வாய் தின்பான், போடாவிட்டால் கேட்கமாட்டான். அவள் அறைக்குள் வந்தால் எழுந்து வெளியே போய் உட்காருவான். பூர்ணிமாவை அரைப் பரீட்சைக்குப் படிக்கிற சாக்கில் காஞ்சிபுரத்தில் தங்கை வீட்டில் கொண்டுபோய் விட்டாள். கேன்டீனில் வெங்காயம் நறுக்குகிறபோது இடது கட்டைவிரலைச் சீவிக்கொண்டாள். பக்கத்தில் இருந்தவள் கையைப் பிடித்துத் துணி சுற்றும்வரை வலி தெரியவில்லை.

கார்த்திகை பாதியில் அவன் வெளியே போக ஆரம்பித்தான். காலையில் போய் மத்தியானம் திரும்புவான். திரும்பியதும் சுவரைப் பார்த்து உட்காருவான். பேச்சு மட்டும் மறுபடி வந்தது. அவளிடம் அல்ல, சுவரிடம்.

"குன்றத்தூர். மலைக்கு பின்னாடி மூணாவது தெரு. பச்ச கேட்டு. பயந்துகினு வூட மாத்திட்டான். எட்டே காலுக்கு பொண்ணுங்கள வண்டில ஏத்தறான்."

பெருந்தேவி பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டாள். அடுத்த நாளும் கேட்டாள். கேன்டீன் வேனில் போகும்போது யோசித்தாள். ஸ்டேஷனில் சொல்லலாம். வக்கீலிடம் சொல்லலாம். மாரிசெல்வியின் நம்பர் போனில் இருந்தது. அதைத் திறந்து பார்ப்பாள், மூடுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாரிசெல்வியே வந்தாள். குடை காற்றில் மடங்கி, புடவைக் கரையெல்லாம் சேறு. வாசற்படியில் செருப்பைக் கழற்றப்போனவளைப் பெருந்தேவி நிலைப்படியில் நின்றபடியே பார்த்தாள். வழிவிடவில்லை.

"அவரு இருக்காராக்கா?"

"தூங்கறாரு."

உள்ளே திருமலை சுவரில் சாய்ந்து கண்ணைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தான்.

"மாத்திரை சாப்பிடுதாரா?"

"சாப்பிடறாரு. வேற எடத்துல வாங்கறோம்."

"தூக்கம்?"

"நல்லா தூங்கறாரு மேடம்."

மாரிசெல்வி குரலைத் தாழ்த்தினாள். "அந்த ராஜசேகரைப் பத்தி எதும் பேசுதாரா? எங்கயும் போயி வாராரா? எதுவா இருந்தாலும் சொல்லுங்க அக்கா. இந்தத் தடவை ஆஸ்பத்திரியில சேத்துருவோம். நானே கூட இருந்து பாத்துக்கிடுதேன். கம்பெனி கிம்பெனி ஒண்ணும் வராது."

அவள் கண்ணில் பொய் இல்லை. பெருந்தேவிக்கு அது தெரிந்தது. சொல்லிவிடலாம். பச்சை கேட், எட்டே கால் என்று இரண்டு வார்த்தைதான். நாக்கு நுனியில் இருந்தது. முதுகுக்குப் பின்னால் அவன் மூச்சை நிறுத்திக் கேட்டுக்கொண்டிருப்பது திரும்பிப் பார்க்காமலே அவளுக்குத் தெரிந்தது.

"ஒண்ணும் பேசறதில்ல மேடம்" என்றாள். "நல்லா கீறாரு. நீ இனிமே வராத."

மாரிசெல்வி குடையை நிமிர்த்திக்கொண்டு தண்ணீரில் இறங்கி நடந்தாள். தெருமுனை திரும்பும்வரை பெருந்தேவி பார்த்துக்கொண்டிருந்துவிட்டு உள்ளே வந்தாள்.

"தேவி" என்றான் திருமலை.

இருபத்து மூன்று நாளாகிவிட்டது அவன் அந்தப் பேரைச் சொல்லி.

"அவங்களாண்ட இன்னா சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல."

"கேட்டாங்க இல்ல?"

"கேட்டாங்க. சொல்லல."

அவன் தலையாட்டினான். முகம் இளகியது. பங்குனிக்கு முந்தின முகம் அப்படித்தான் இருக்கும். "பசிக்குது. சோறு கீதா?"

அவள் தட்டு வைத்தாள். சோறு, ரசம், வாழைக்காய் வறுவல். அவன் சம்மணம் போட்டு உட்கார்ந்து நன்றாகச் சாப்பிட்டான். மறுசோறு கேட்டான். வறுவலில் உப்பு சரியாக இருக்கிறது என்றான். விரலில் என்ன கட்டு என்று கேட்டு, அவள் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தான்.

"நாளிக்கி மழ வுட்டா காலையிலயே குன்றத்தூர் வரிக்கும் போய்ட்டு வரணும்" என்றான்.

அவள் எதற்கு என்று கேட்கவில்லை. கரண்டியால் ரசத்தைக் கலக்கி அவன் சோற்றில் ஊற்றினாள்.